பறித்த மொட்டில் பிறக்கும் மணம்

ராயப்பேட்டை மணிக்கூண்டின் பக்கம் மாலையில் மல்லிகை வாங்குவோர் விரிந்த பூவைக் கேட்பதில்லை. மொட்டாகப் பார்த்தே வாங்குகின்றனர். முழம் போட்டுத் தரும்போது அம்மொட்டில் மணம் அவ்வளவாக இராது. இரவு ஏழு, எட்டு மணிக்கு மேல் கூந்தலில் இருந்தபடியே அது விரிகிறது, வீடே மணக்கிறது. விடியற்காலையில் செடியிலிருந்து கிள்ளப்பட்டு, கோயம்பேட்டுச் சந்தை வழியாக வந்த மொட்டு அது. செடியை விட்டுப் பிரிந்து பல மணி நேரம் ஆனபின் அதற்கு மணம் எங்கிருந்து வந்தது?

பழத்தில் சாறு இருப்பதுபோல் பூவில் மணம் முன்பே நிரம்பியிருக்கிறது என்று எண்ணுவது இயல்பு. இவ்வெண்ணத்தை ஆட்டம் காணச் செய்தது மணப்பொருள் தொழில். தென் பிரான்சிலுள்ள கிராஸ் நகரில் நம் ஊர்ப் பிச்சியிலிருந்து இரு வழிகளில் தைலம் எடுத்தனர். ஒன்று, பூக்களைக் கரைப்பானில் ஊறவைப்பது. மற்றொன்று பழைய வழி. கண்ணாடித் தட்டுகளில் கொழுப்பைப் பூசி, அதன்மேல் பூக்களைப் பரப்பி, மறுநாள் அவற்றை நீக்கிப் புதுப் பூ இடுவது. கை வேலை மிகுந்த இப்பழைய வழியில் தைலம் குறையும் என்றுதான் எவரும் நினைப்பர். ஆனால் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மன் வேதியியலார் ஆல்பர்ட் ஹெஸ்ஸே ஒப்பிட்டுப் பார்த்தபோது, கொழுப்பில் கிடந்த பூக்களே பல மடங்கு தைலம் தந்தன!

கரைப்பான் பூவைக் கொன்றுவிடுகிறது. அந்நொடியில் இருந்த மணம் மட்டுமே கிடைக்கும். கொழுப்பின்மேல் கிடக்கும் பூவோ உயிருடன் இருந்து, மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. அத்தைலத்தில் இண்டோல் என்னும் பொருளையும் ஹெஸ்ஸே கண்டார். மலத்தின் நாற்றத்திலும் இருப்பது இதுவே. மிகச் சிறு அளவில் மல்லிகைக்கு இது அழகு சேர்க்கிறது! இன்று நம் மாநில ஆலைகளில் கரைப்பான் முறைதான். ஆயினும் குண்டுமல்லி மொட்டுகளை அவை விரியும்வரை பரப்பி வைத்திருந்தே கரைப்பானில் இடுகின்றனர்.

பூ எவ்வாறு மணத்தை உண்டாக்குகிறது என்பது தெளிவாக மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. இதழ்களின் மேல்தோல் செல்களிலுள்ள நொதிகளே எளிதில் ஆவியாகும் சிறு மூலக்கூறுகளை அமைக்கின்றன. 1990களின் நடுவில் அமெரிக்காவின் எரான் பிச்செர்ஸ்கி குழுவினர், கலிபோர்னியாவின் கிளார்க்கியா என்னும் காட்டுப் பூவிலிருந்து லினலூல் என்ற மணப்பொருளை ஆக்கும் நொதியைப் பிரித்தெடுத்தனர். லினலூல் நம் மல்லிகையிலும் உண்டு. மொட்டு விரியும் வேளையில்தான் இத்தகைய நொதிகள் மும்முரமாக வேலை செய்கின்றன. அதற்கான மூலப்பொருள் இதழுக்குள்ளேயே இருப்பதால், காம்பு அறுபட்டும் வேலை சில மணி நேரம் நிற்பதில்லை.

இரவில் ஏன்? இருட்டில் நிறம் பயன்படாது. வெண்ணிறமும் மணமும் அந்துப்பூச்சிகளை அழைக்கும் வழிகள். அவை மகரந்தத்தைச் சுமந்து செல்லும். ஆனால் நம் தோட்டத்துக் குண்டுமல்லி காய்ப்பது மிக அரிது. தண்டை வெட்டி நட்டும், பதியம் போட்டும் அதைப் பெருக்குபவர் நாமே. பூச்சிக்காக எழுந்த மணம் இப்போது மனிதரைக் கொண்டு தன் இனத்தை வளர்த்துக்கொள்கிறது.