பிரிட்டனை ஏமாற்றிய கணக்கு

1917 ஏப்ரல். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனுக்கு வேண்டிய உணவில் பெரும்பகுதி கடல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பிப்ரவரி 1 முதல் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் முன்னெச்சரிக்கை இல்லாமல் வணிகக் கப்பல்களைத் தாக்கின. ஏப்ரலில் மட்டும் மூழ்கியவை 8 லட்சம் டன்னுக்கும் மேல்!

வழி ஒன்று இருந்தது. கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துப் போர்க்கப்பல் காவலுடன் அனுப்புவது. பாய்மரக் காலத்துப் பழைய முறைதான். ஆனால் கடற்படைத் தலைமை தயங்கியது. வாரத்துக்குச் சுமார் 2500 கப்பல்கள் வருகின்றன, அதே அளவு புறப்படுகின்றன. இத்தனைக்கும் காவலுக்கு எங்கே போவது?

ரெஜினால்ட் ஹென்டர்சன் என்ற கடற்படை அதிகாரி அந்தக் கணக்கைக் கிளறினார். கரையோரமாகப் போய்வரும் சின்னக் கப்பல்களையும் சேர்த்து எண்ணியிருந்தார்கள்! பெருங்கடலைக் கடந்து வந்தவை வாரத்துக்குச் சுமார் 140 மட்டுமே.

மே 10 அன்று ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய சோதனைக் கூட்டம், ஒரு கப்பலைக்கூட இழக்காமல் பிரிட்டன் வந்து சேர்ந்தது.

கூட்டமாகப் போனால் எதிரிக்கு வசதிதானே என்று தோன்றும். உண்மை நேர்மாறு. சிதறிப் போகும் நூறு கப்பல்களில் ஏதாவது ஒன்று நீர்மூழ்கியின் கண்ணில் பட்டுவிடும். ஒன்றாகப் போகும் கூட்டமோ பரந்த கடலில் ஒரு புள்ளி. அதைக் கண்டுபிடித்தாலும் தாக்க வருபவர் காவல் கப்பல்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 2500 என்ற எண், கடல் வணிகம் குறையவில்லை என்று உலகுக்குக் காட்ட வெளியிடப்பட்டது. கடைசியில் வெளியிட்டவர்களே அதை நம்பிவிட்டார்கள்! அதற்கு விலை கொடுத்தவர்கள் கப்பல்களில் இருந்த மாலுமிகள்.