எஞ்சின் அறையில் நின்றவர்: கனடாவின் கப்பல்வழி ஆட்கடத்தல் சட்டம்

2010 ஆகஸ்டில் வான்கூவர் தீவின் எஸ்குவிமால்ட் கடற்படைத் துறைக்கு 'சன் சீ' என்ற பழைய சரக்குக் கப்பல் கொண்டுவரப்பட்டது. அதில் இருந்தவர்கள் 492 ஈழத்தமிழர். முந்தைய அக்டோபரில் 76 ஆண்களோடு 'ஓஷன் லேடி' வந்திருந்தது. இந்த இரண்டு கப்பல்களும் கனடாவின் குடிவரவுச் சட்டத்தையே திருத்த வைத்தன.

'சன் சீ'யில் தலைக்கு 20,000 முதல் 30,000 டாலர் வரை பேசி முகவர்கள் ஆளேற்றினார்கள். தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் போக, பயணிகளில் 12 பேர் வேலைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் நாளுக்கு இரண்டு முறை, மும்மூன்று மணி நேரம், எஞ்சின் அறையில் வெப்பமும் தண்ணீரும் எண்ணெயும் சரிதானா என்று பார்த்தார். இன்னொருவர் சமைத்தார், கடலைப் பார்த்துக் காவல் நின்றார். கைம்மாறு, கொஞ்சம் கூடுதல் சாப்பாடு. கனடிய அதிகாரிகளின் கணக்கில் இவர்களும் கடத்தல்காரர்கள். அகதிக் கோரிக்கையை விசாரிக்கும் வாசலே இவர்களுக்கு அடைக்கப்பட்டது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ கடத்தினால் ஆயுள் தண்டனை வரை விதிக்க 2001ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 117ஆம் பிரிவு ஏற்கெனவே இடம் கொடுத்திருந்தது. அப்படியிருக்க, 2012 திருத்தம் குறைந்தபட்சத் தண்டனைகளைச் சேர்த்தது: 50 பேரோ அதற்கு மேலோ, உயிருக்கு ஆபத்தான வகையில், லாபத்துக்காக ஏற்றிவந்தால் பத்தாண்டுக்குக் குறையாது. ஆயுள் தண்டனைக்கு அஞ்சாத முகவர் இதற்கு அஞ்சுவாரா? கடுமைக்குக் குறைவில்லை, யார் கடத்தல்காரர் என்ற வரையறைதான் தளர்ந்து கிடந்தது.

நம் மொழியிலும் அந்தக் குழப்பம் உண்டு. பிள்ளையைத் தூக்கிப் போவதும், பெண்ணை விற்பதும், காசு வாங்கி எல்லை தாண்டவைப்பதும் நம் நாளிதழ்களுக்கு ஒரே 'ஆட்கடத்தல்'தான். ஐ.நா. 2000இல் பின்னிரண்டுக்கும் தனித்தனி நெறிமுறை வகுத்தது. கடைசியதற்குப் பண லாபமோ பொருள் லாபமோ நோக்கமாக இருக்கவேண்டும் என்றது. கனடாவின் 117ஆம் பிரிவில் அந்த நிபந்தனை இல்லை. அகதிக்குக் கைகொடுத்த உறவினரையும் பிடிக்க அதில் அன்று இடமிருந்தது. தலைமை வழக்கறிஞரின் சம்மதமின்றி வழக்குத் தொடர முடியாதே, அதுவே காப்பு என்று அரசு வாதிட்டது. வலையை அகலமாக வீசிவிட்டு, மீனவரின் நல்ல மனதை நம்பச் சொன்ன வாதம் அது.

உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2015 நவம்பர் 27 அன்று வெளியான தீர்ப்புகளில், மனிதாபிமான உதவியும், அகதிகள் தமக்குள் செய்துகொள்ளும் உதவியும், குடும்பத்தாருக்குச் செய்யும் உதவியும் குற்றமாகா என்றது. எஞ்சின் அறையில் நின்றவரின் வழக்கு மறுபரிசீலனைக்குத் திரும்பியது. 'ஓஷன் லேடி'யில் குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரும் 2017இல் விடுதலையானார்கள்.

2012 திருத்தத்தின் இன்னொரு கரம் தப்பிவிட்டது. கூட்டமாக வந்தவர்களை 'ஒழுங்கற்ற வருகை' என்று அமைச்சர் அறிவித்தால், 16 வயது நிரம்பியோரைத் தடுத்துவைத்தே ஆகவேண்டும். அகதியென ஏற்கப்பட்டாலும் ஐந்தாண்டுக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. முகவர்மீது பாயவேண்டிய சட்டம் பயணிமீது பாய்வது இங்கேதான். கப்பல்களைக் காட்டி நிறைவேற்றிய அந்த அதிகாரம் முதன்முதலில், 2012 டிசம்பரில், 85 ருமேனியர்கள்மீது பயன்பட்டது. அவர்கள் வந்தது அமெரிக்க எல்லை வழியாக, தரைமார்க்கமாக.