படிக்கும்போதே அழியும் நினைவு

கணிப்பொறியின் நினைவகம் என்றதும் இன்று நம் கண்முன் நிற்பது விரல்நுனியளவுச் சில்லு. ஆனால் 1950களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவ்விடத்தை வகித்தவை, மெல்லிய கம்பிகளில் மணிகளைப்போல் கோக்கப்பட்ட ஃபெரைட் வளையங்களே.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் உருவான 'வேர்ல்விண்ட்' கணிப்பொறி, தொடக்கத்தில் தன் நினைவை வெற்றிடக் குழாய்களில் மின்னூட்டப் புள்ளிகளாகத் தாங்கியது. அக்குழாய்களோ அடிக்கடி பழுதாயின. மாற்று தேடிய அதன் தலைவர் ஜே ஃபாரஸ்டர், 1949இல் 'டெல்டாமாக்ஸ்' என்னும் காந்தப்பொருளின் விளம்பரம் ஒன்றைக் கண்டு, வழி இதுவே எனத் துணிந்தார்.

அவர் நம்பியது காந்தத்தின் பிடிவாதத்தை எனலாம். காந்தத் தயக்கம் என்று இயற்பியலார் கூறும் அப்பண்பினால், வளையத்தின் காந்தத் திசை சிறு தூண்டலுக்கு மாறுவதில்லை; குறித்த எல்லையைக் கடந்த மின்னோட்டத்திற்கே சட்டெனப் புரளும்; மின்சாரம் நின்றபின்னும் புரண்ட திசையிலேயே நிற்கும். ஒரு திசை பூச்சியம், மறுதிசை ஒன்று. குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் கம்பிகளின் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு வளையம். வேண்டிய மின்னோட்டத்தில் பாதியை ஒரு கம்பியிலும் மறுபாதியை மற்றொன்றிலும் செலுத்தினால், இரண்டும் கூடுமிடத்து வளையம் மட்டும் புரளும். பாதியே பெற்ற அண்டை வளையங்கள் மாறாமல் நிற்கும்.

படிப்பதில்தான் சிக்கல். வளையத்தைப் பூச்சியத்தை நோக்கித் தள்ளிப் பார்க்க வேண்டும். புரண்டால், அங்கே ஒன்று இருந்தது என்று பொருள். இருந்தது, இப்போது இல்லை! ஹார்வர்டில் இதே சிக்கலோடு போராடிய சீன இளைஞர் ஆன் வாங், வளாகத்தில் நடந்துகொண்டிருந்தபோது விடை தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். அழிந்தால் அழியட்டும், படித்ததை உடனே திரும்ப எழுதிவிடலாம் என்பதே அவ்விடை. எத்துணை எளிது!

1953இல் வேர்ல்விண்டின் குழாய்கள் அகற்றப்பட்டு வளையங்கள் அமர்ந்தன. நாள்தோறும் நான்கு மணிநேரம் தேவைப்பட்ட நினைவகப் பராமரிப்பு, வாரத்திற்கு இரண்டு மணிநேரமாகக் குறைந்தது.

பிறகு வந்தது காப்புரிமை வழக்கு. ஐ.பி.எம். நிறுவனம் 1956இல் வாங்கிற்கு ஐந்து லட்சம் டாலரும், 1964இல் எம்.ஐ.டி.க்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலரும் அளித்தது. வளையங்களைக் கோத்த வேலையோ பெரும்பாலும் பெண்களுடையது. உருப்பெருக்கியின்கீழ் குனிந்து, கடுகினும் சிறிய துளைகளில் மூன்று நான்கு கம்பிகளை அவர்கள் நுழைத்தார்கள். 1960களில் அவ்வேலை கூலி குறைந்த கிழக்காசிய நாடுகளுக்கும் பெயர்ந்தது. அவர்கள் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

1970களில் குறைகடத்திச் சில்லுகள் வளையங்களை வீழ்த்தின. ஆயினும், நிரல் முறியும்போது நினைவகம் முழுவதையும் கொட்டிவைக்கும் கோப்பினைப் பொறியாளர்கள் இன்றும் 'கோர் டம்ப்' என்றே அழைக்கின்றனர். அந்தக் 'கோர்', இந்த வளையம்தான்.