தொண்டைக்கு மருந்து அடித்த கருவியும் உங்க கார் பெயின்ட்டும்

புது வண்டி எடுத்தவங்க ஷோரூமில் கொஞ்சம் திணறும் இடம் ஒண்ணு உண்டு. "சார், டெஃப்லான் போட்டுடலாமா? செராமிக்கும் இருக்கு. பட்ஜெட் இருந்தா பிபிஎஃப் போட்டுக்கோங்க."

எது நல்லது டாக்டர்னு என்கிட்டயும் கேக்கறாங்க. கார் விஷயத்தை டாக்டர்கிட்ட கேக்கறதான்னு சிரிக்காதீங்க. இந்தக் கதையே ஒரு டாக்டர்கிட்டதான் ஆரம்பிக்குது. த்ரெட் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

1880களின் இறுதி. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்றொரு மருத்துவர். தொண்டைப் புண்ணுக்கு மருந்தைக் குச்சியில் பஞ்சு சுற்றித் தடவிய காலம் அது. உள்ளே குச்சி போனாலே நோயாளிக்குக் குமட்டும். டிவில்பிஸ் ஒரு ரப்பர் குமிழை வைத்துக் கருவி செய்தார். அமுக்கினால் மருந்து பனிபோலச் சிதறித் தொண்டையில் படியும். 1888ல் அதற்காகவே ஒரு கம்பெனியும் தொடங்கினார்.

அவர் மகன் தாமஸ் டிவில்பிஸ், அப்பாவின் கருவியை வேறு கண்ணோடு பார்த்தார். மருந்தைச் சிதறடிக்க முடியும் என்றால் பெயின்ட்டை ஏன் முடியாது? 1907ல் ஸ்ப்ரே கன் வந்தது.

அப்பா, மருந்து மூச்சுப் பாதைக்குள் போகட்டும் என்று கண்டுபிடித்தார். மகனின் கருவியிலும் நுண்ணிய துளிகள்தான் வந்தன. அதில் பாதி காரில் படியும். மீதி எங்கே போகும்? அங்கேதான் என் அக்கறை தொடங்குது. அதுக்கு அப்புறம் வருவோம்.

முதலில் கார் பெயின்ட்டின் கதை.

ஆரம்பகாலக் கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடித்த அதே வார்னிஷ்தான். ஆளி விதை எண்ணெயும் மரப்பிசினும் சேர்ந்த கலவை. பிரஷ்ஷால் ஒரு கோட், காயவிட்டுத் தேய்ப்பு, மறுபடி ஒரு கோட். ஒரு கார் முடிய வாரக்கணக்கில் ஆகும். அவ்வளவு பாடுபட்டாலும் வெயிலில் மஞ்சளாகும், வெடிக்கும். அதனால் அதைக் காக்க இன்னொன்று தேவைப்பட்டது.

1910ல் ஜார்ஜ் சைமன்ஸ் என்பவர் கார்களுக்கென்றே ஒரு மெழுகுப் பாலிஷ் கொண்டுவந்தார். பெயர் சைமனைஸ். அது விற்ற விற்பனையில், காருக்கு மெழுகு போடுவதையே ஆங்கிலத்தில் அந்தப் பெயரால் சொல்லத் தொடங்கி, அகராதியிலும் ஏறிவிட்டது. "பெயின்ட் புரொடெக்ஷன்" என்று இன்று ஷோரூமில் விற்கும் வியாபாரத்துக்கு மூதாதை இதுதான்.

கார் மெழுகில் பேர் போனது கார்னாபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையில் படிவது. வறட்சியில் ஓலையின் ஈரம் போகாமலிருக்க அந்த மரம் தனக்குத்தானே பூசிக்கொள்ளும் மெழுகு. இயற்கை மெழுகுகளில் ரொம்பக் கடினமானது, 80 டிகிரிக்கு மேலேதான் உருகும். உங்களுக்கு இதை ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. நீங்க விழுங்கும் மாத்திரைகள் சிலவற்றின் மேல் வழுவழுன்னு பளபளக்குதே, அதுவும் கார்னாபா மெழுகுதான்.

அடுத்து ஃபோர்டு. 1908ல் மாடல் டி வந்தபோது பச்சை, சிவப்பு, சாம்பல் எல்லாம் உண்டு. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும்தான். காரணம் ரசனை இல்லை, வேகம். தார் கலந்த அந்தக் கறுப்புப் பூச்சை உலையில் சுட்டு எடுக்கலாம், மலிவு, உழைக்கும். 'ஜப்பான் பிளாக்' என்று பெயர். ஜப்பானிய அரக்குப் பூச்சைப் பார்த்து ஐரோப்பியர்கள் செய்த நகல், அதனால் அந்தப் பெயர்.

நிறங்களைத் திரும்பக் கொண்டுவந்தது டூபான்ட் கம்பெனி. 1802ல் வெடிமருந்து செய்யத் தொடங்கிய கம்பெனி அது. முதல் உலகப் போர் முடிந்ததும் துப்பாக்கி மருந்துக்கான நைட்ரோசெல்லுலோஸ் செய்யும் வசதி கையில் மிச்சம். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் பெரிய பங்கும் டூபான்ட்டிடமே இருந்தது. இரண்டு கம்பெனியும் சேர்ந்து 1923ல் நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டைக் காரில் ஏற்றின. ஓக்லண்ட் என்ற கார், நீல நிறம். பெயின்ட்டின் பெயர் டூக்கோ.

ஆமாம், நம்ம கார்பென்டர் அலமாரிக்கு "டூக்கோ போட்டுடலாம் சார்"னு சொல்றாரே, அதே டூக்கோ.

நைட்ரோசெல்லுலோஸ் எங்களுக்கும் பழைய சொந்தம். அதை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்தால் கொலோடியன். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே காயத்தின் மேல் ஊற்றிக் காயவிட்டுத் தோல்போல மூடப் பயன்படுத்தினார்கள். கால் ஆணிக்கும் மருவுக்கும் இன்றைக்கும் கொடுக்கும் திரவ மருந்து சிலவற்றில் இருக்கு. ஒரே பொருள் துப்பாக்கிக்குள்ளும் போச்சு, காயத்து மேலயும் போச்சு, கார் மேலயும் போச்சு.

டூக்கோ சீக்கிரம் காயும். பிரஷ்ஷால் இழுத்து முடிப்பதற்குள் காய்ந்துவிடும். அப்போ எப்படி அடிப்பது? 1907ல் பிறந்த ஸ்ப்ரே கன்னுக்கு இதோ வேலை வந்துவிட்டது. வாரக்கணக்கு நாள்கணக்கானது. தொழிற்சாலைகளில் பிரஷ் பிடித்த கைகள் போய், கன் பிடித்த கைகள் வந்தன. காற்றில் தின்னர் ஆவி நிறைந்தது.

அடுத்த திருப்பம் ஜெர்மனியில். 1937ல் லெவர்குசன் ஆய்வகத்தில் ஓட்டோ பேயர் என்ற வேதியியலாளர் பாலியூரித்தேன் செய்யும் வழியைக் கண்டுபிடித்தார். உங்க மெத்தையில், செருப்பின் அடியில், கார் சீட்டில் இருப்பதெல்லாம் இதன் பிள்ளைகள். செய்முறையில் கட்டாயம் வேண்டிய ஒரு பொருள் ஐசோசயனேட்.

போபால் ஞாபகம் வருதா? 1984ல் அங்கே கசிந்தது மீதைல் ஐசோசயனேட். கார் பெயின்ட்டில் இருப்பது அது இல்லை, அதே குடும்பத்தில் வேற ஆள். அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அதனால ஷெட்டைப் பார்த்து போபால்னு பயப்பட வேண்டாம். ஆனா குடும்ப குணம் ஒண்ணு இருக்கு, நுரையீரலைச் சும்மா விடாது.

பட்டறையில் பெயின்ட் டப்பாவும் சின்ன டப்பாவில் ஹார்ட்னரும் தனித்தனியா வரும் பாருங்க, 2கே பெயின்ட் என்பார்கள். அந்த ஹார்ட்னர்தான் ஐசோசயனேட். கலந்ததும் இரண்டும் கைகோத்து, தின்னர் பட்டாலும் கரையாத கெட்டியான படலம் ஆகும். டூக்கோவைவிட உழைப்பு, பளபளப்பு, வெயில் தாங்கும் திறன் எல்லாமே மேல். 1980களில் நிறத்துக்கு ஒரு கோட், அதன் மேல் நிறமில்லாத கிளியர் கோட் என்ற முறை பரவியது. உங்க காரில் இன்று நீங்க தொட்டுப் பார்ப்பது நிறத்தை இல்லை, கிளியர் கோட்டை.

அந்தக் கிளியர் கோட் தோராயமாக 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமன்கூட இல்லை. சன்ஸ்கிரீன்போல வெயிலைத் தடுக்கும் பொருளும் அதற்குள்தான் இருக்கு. நம்ம மேல்தோல் உரிந்தால் வளரும், இது வளராது. கீறல் போக "பஃபிங் போடுங்க"னு ஒவ்வொரு சர்வீஸுக்கும் சொல்றவங்க கவனிக்கணும். கீறலை நிரப்புவதில்லை, சுற்றி இருப்பதைத் தேய்த்துச் சமன் செய்வதுதான் பஃபிங். வருஷா வருஷம் தேய்த்தால் தேய்க்க ஒன்றும் மிஞ்சாது.

ஆக, காக்க வேண்டியது இந்த 50 மைக்ரானை. இப்ப ஷோரூம் கேள்விக்கு வரலாம்.

டெஃப்லான். 1938ல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த பொருள், தோசைக்கல்லில் ஒட்டாத அதே டெஃப்லான். அது உருக 327 டிகிரி வேண்டும். பாத்திரத்தில் சுட்டு ஒட்டவைக்கலாம். கார் மேல் அந்தச் சூடு காட்டினால் பெயின்ட்டே இருக்காது. அதனால் 'டெஃப்லான் கோட்டிங்' என்று விற்பது அந்தத் துகள் கலந்த ஒரு பாலிஷ், அவ்வளவே. சில மாதம் பளபளக்கும். அந்தப் பணத்துக்கு நல்ல மெழுகு டப்பா வாங்கினா பல தடவை நீங்களே போட்டுக்கலாம். என் கருத்து: வேண்டாம்னு சொல்லிடுங்க.

செராமிக். சிலிக்கான் சார்ந்த திரவம், காய்ந்ததும் கண்ணாடிபோன்ற மெல்லிய படலமாகும். ஒரு சில மைக்ரான்தான். தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு எளிதில் கழுவிப் போகும், மெழுகைவிடப் பல மடங்கு நாள் நிற்கும். நல்ல பொருள்தான். ஆனால் "9எச் கடினம் சார், கீறலே விழாது" என்ற பேச்சை நம்பாதீங்க. அந்த 9எச் பென்சில் கணக்கு. 9எச் பென்சிலால் கீறினால் கோடு விழாது என்று அர்த்தம். கனிமங்களை அளக்கும் அளவுகோலில் வைரத்துக்கு அடுத்த படியில் இருக்கும் 9 என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். நம்ம ரோட்டு மணல் அந்த அளவுகோலில் 7. தூசியோடு காய்ந்த துணியால் துடைத்தால் செராமிக் மேலும் கோடு விழும்.

பிபிஎஃப். இது வியட்நாம் போரின் மிச்சம். ஹெலிகாப்டர் விசிறியின் முனையை மணலும் புழுதியும் அரித்துத் தின்றன. 3எம் கம்பெனி அதற்குப் பாலியூரித்தேன் படலம் ஒட்டக் கொடுத்தது. போருக்குப் பிறகு பந்தயக் கார்கள், அப்புறம் நம்ம வீட்டுக் கார்கள். 150 மைக்ரானுக்கு மேல் தடிமன், கிளியர் கோட்டைவிட மூன்று மடங்கு. முன்னாடி போகும் லாரி டயரிலிருந்து தெறிக்கும் கல்லை உண்மையில் தாங்குவது இந்த மூன்றில் இது ஒன்றுதான். விலையும் அப்படியே. முழுக் காருக்கு லட்சம் தாண்டுவது சாதாரணம்.

எதிரி யார்னு பார்த்து மருந்து கொடுங்க. தினமும் ஹைவேயில் ஓட்டறவங்க முன் பம்பர், பானெட், கண்ணாடி முதுகு, இதற்கு மட்டும் பிபிஎஃப் ஒட்டினால் போதும். வெட்டவெளியில் நிற்கும் கார், அடிக்கடி கழுவ நேரமில்லை என்றால் செராமிக் கைகொடுக்கும். ஷெட்டில் நின்று ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை மெழுகு தாராளம். பறவை எச்சத்தில் வெள்ளையா இருப்பது யூரிக் அமிலம், கீல்வாதத்தில் மூட்டில் படியும் அதே ஆள். வெயிலில் காயவிட்டுச் சுரண்டாதீங்க. ஈரத் துணியை அதன் மேல் கொஞ்ச நேரம் போட்டு ஊறவச்சு எடுங்க.

இப்ப அந்த மீதி பாதி எங்கே போகுதுன்னு பார்ப்போம்.

1700ல் ராமாசினி என்ற இத்தாலிய மருத்துவர், தொழில்களால் வரும் நோய்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நோயாளியிடம் கேட்க வேண்டிய கேள்விகளோடு, என்ன வேலை பார்க்கிறாய் என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு. கூட்டம் நெரியும் ஓபியில் இன்றும் முதலில் விட்டுப்போகும் கேள்வி அதுதான்.

"அண்ணே, என்ன வேலை பாக்குறீங்க?"

"பெயின்டருங்க. கார் பெயின்டர்."

அப்புறம் கதை தானா வரும். வேலை நாளில் சாயங்காலமும் ராத்திரியும் இருமல், நெஞ்சு இறுக்கம், விசில் சத்தம். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பரவாயில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போன ஒரு வாரம் ஒண்ணுமே இல்லை. திரும்பி வந்து கன்னைப் பிடித்ததும் மறுபடி ஆரம்பம். தூசி அலர்ஜின்னு வருஷக்கணக்கா மாத்திரை வாங்கியிருப்பார்.

தொழிலால் வரும் ஆஸ்துமாவுக்கு உலக அளவில் முக்கியமான காரணங்களில் ஒன்று ஐசோசயனேட். தின்னர் வாசனை மூக்கில் ஏறும், உஷார் ஆகலாம். இது ஆபத்தான அளவில் இருக்கும்போதும் வாசனை தராது. கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்குத் தடையே இல்லை. தோலில் பட்டும் உடம்பு இதை எதிரியாகப் பழகிக்கொள்ளும். ஒருமுறை பழகிவிட்டால் பிறகு துளி போதும், மூச்சு அடைக்கும். அந்த நோயாளிக்கு வெண்டோலின் வைத்து நெபுலைசர் போடுவோம். உலகச் சந்தையில் நெபுலைசர் விற்கும் பெயர்களில் டிவில்பிஸும் ஒன்று.

இன்னொரு விஷயம். காரில் காய்ந்த பெயின்ட்டில், ஒட்டிய பிபிஎஃப்பில் இருப்பதும் பாலியூரித்தேன்தான். வினை முடிந்துவிட்டதால் உங்களுக்கு அதில் பயமில்லை. ஈரமாக, துளியாக, காற்றில் இருக்கும்போதுதான் அது பெரும்பாலும் நுரையீரலைப் பிடிக்கும். அந்த நேரத்தில் அங்கே நிற்பது நீங்க இல்லை.

அதனால் பட்டி, டிங்கரிங், பெயின்ட்டிங் என்று வண்டியை விடும் இடத்தில் விலை கேட்கும்போது பூத் இருக்கான்னும் பாருங்க. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் மூடிய அறை, பெயின்டருக்கு வெளியிலிருந்து குழாய் வழியா நல்ல காற்று வரும் முகக்கவசம், இதுதான் சரியான முறை. அது இருக்கும் இடத்தில் ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆகலாம், கொடுங்க. தூசி இல்லாததால் ஃபினிஷும் அங்கேதான் நல்லா வரும்.

பெயின்டர் அண்ணன்களுக்கு: கன்னை நிறுத்தினதும் மாஸ்க்கைத் தூக்கி ஃபினிஷ் பார்க்காதீங்க. கண்ணுக்குத் தெரியாத துளி அதுக்கப்புறமும் பல நிமிஷம் காற்றில் நிற்கும். பக்கத்தில் எடுபிடி வேலை பார்க்கும் தம்பிக்கும் அதே காற்றுதான், அவனை வெளியே அனுப்புங்க. கையில் பட்ட ஹார்ட்னரைத் தின்னரால் கழுவாதீங்க, சோப்பும் தண்ணியும் போதும். கிளவுஸ் போட்டா அதுவும் வேண்டாம்.

மூச்சிரைப்பு வேலை நாளில் ஏறி லீவில் குறைஞ்சா தள்ளிப்போடாம வாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சு ஹார்ட்னர் பக்கம் போறதை நிறுத்தினா மீண்டுவர வாய்ப்பு அதிகம், வருஷங்கள் ஓடினா இன்ஹேலர் கூடவே வரும். டாக்டர் கேட்காவிட்டாலும் "ஸ்ப்ரே பெயின்டர், ஹார்ட்னர் கலக்கறேன்"னு நீங்களே சொல்லிடுங்க. அந்த டப்பா லேபிளை போன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வந்தா எங்களுக்கு வேலை இன்னும் சுலபம்.