ஹைல்பிரான் மருத்துவரின் இரு கருத்துகள்

1840ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் ராட்டர்டாம் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட டச்சுக் கப்பலொன்றில் யூலியுஸ் ராபர்ட் மாயர் என்னும் இளம் ஜெர்மானியர் மருத்துவராகச் சென்றார். ஜாவாவில் மாலுமிகளுக்கு இரத்தம் வடித்தபோது, சிரை இரத்தம் தமனி இரத்தம்போல் செக்கச்செவேலென்று இருக்கக் கண்டு திகைத்தார். வெப்ப நாட்டில் உடல் தன் சூட்டைக் காக்கக் குறைவாகவே உணவை எரிக்கிறது. ஆகவே இரத்தத்தில் பிராணவாயு மிஞ்சுகிறது என்று எண்ணினார். உண்ட உணவே வெப்பமாகிறது, உழைப்புமாகிறது என்றால், வெப்பமும் உழைப்பும் ஒரே ஆற்றலின் இரு வடிவங்களன்றோ?

மாயர் இயற்பியலை முறையாகக் கற்றவரல்லர். 1841இல் அவர் எழுதியனுப்பிய கட்டுரையில் இயக்கவியல் பிழைகள் மலிந்திருந்தன. இதழாசிரியர் பொக்கெண்டார்ஃப் அதை வெளியிடவுமில்லை, விடை எழுதவுமில்லை. மாயர் சினந்து ஒதுங்கிவிடவில்லை. கணிதமறிந்த நண்பரிடம் கற்றுத் தம் பிழைகளைத் திருத்திக்கொண்டார். 1842இல் லீபிக்கின் வேதியியல் இதழில் வெளிவந்த கட்டுரையில் ஓர் எண்ணையும் தந்தார்: 365 மீட்டர் உயரத்திலிருந்து விழும் எடை, அதே எடையுள்ள நீரை ஒரு பாகை சூடாக்கும். சரியான அளவு ஏறத்தாழ 427 மீட்டர். எண் பிழைத்தாலும் கருத்து நின்றது. இங்கிலாந்தில் ஜூல் தனியே செய்த சோதனைகள் அதை உறுதிப்படுத்தின.

1848இல் அதே மாயர் சூரியனை நோக்கித் திரும்பினார். சூரியன் நிலக்கரியாயின் சில ஆயிரம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்திருக்கும் எனச் சரியாகவே கணக்கிட்டார். ஆகையால் இடைவிடாது அதில் வந்து விழும் விண்கற்களே அதன் வெப்பத்தைக் காக்கின்றன என்றார். ஆனால் அவ்வாறு விழுந்தால் சூரியனின் நிறை பெருகும். நம் ஆண்டின் நீளம் சுருங்கும். வானியல் அளவுகள் அத்தகைய சுருக்கத்தைக் காட்டவில்லை. இக்கருத்தைச் சில காலம் ஏற்றிருந்த கெல்வினும் பின்னர் கைவிட்டார். ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைவதே சூரிய ஆற்றலின் ஊற்று என்பதை 1939இல் ஹான்ஸ் பெத்தெ விளக்கினார். அணுக்கருவையே அறியாத காலத்தில், எத்துணை கூரிய மதியும் அவ்வாயிலைத் திறந்திருக்க இயலாது.

ஒரே மனிதர், ஒரே துணிவு, ஒரே நேர்மை. ஒன்று விதியாயிற்று, மற்றது வீழ்ந்தது. இரண்டும் பிறந்தபோது அவர் உள்ளத்தில் ஒரே ஒளியோடுதான் தோன்றியிருக்க வேண்டும். உள்ளொளி தனக்குத் தானே சான்றாக இயலாது என்பதை ஆன்ம வழிகாட்டுதலில் பழகிய நாம் நன்கறிவோம். அதனாலன்றோ திருச்சபை தேர்ந்து தெளிதலைத் தனிமனிதரிடம் மட்டும் விட்டுவைப்பதில்லை?

எனினும் சோதித்தல் வேறு, புறக்கணித்தல் வேறு. 1848இல் இரு குழந்தைகளை இழந்து, முதன்மை யாருக்கு என்ற வழக்கிலும் மனம் நொந்த மாயர், 1850இல் மாடிச் சன்னல் வழியே குதித்தார். உயிர் பிழைத்தார், மனநோய் மனைகளில் துன்புற்றார். 1871இல் இலண்டன் அரச கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. 1878இல் அவர் மறைந்தார். விடை பெறாத அந்த முதற்கட்டுரையோ பொக்கெண்டார்ஃபின் தாள்களிடையே பத்திரமாகக் கிடந்தது!

பிழையைப் பிழையென்று சொல்வதும் அன்பின் பணியே. அதைச் சொல்லாமல் மௌனமாய் இருந்துவிடுவதுதான் எளிது. கற்றவரின் கடமையோ, தம்மிடம் நீட்டப்படும் தாளை ஒருமுறையேனும் படித்து, எது நிற்கும், எது நில்லாது என்று விடை எழுதுவதாகும்.