சந்தையில் கிடைத்த ஒரு திருக்கை

ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்திலே பத்தாவியா என வழங்கிய நகரமே இன்றைய ஜகார்த்தா. 1862ஆம் ஆண்டில் அந்நகரின் மீன் சந்தையிலே, ஜெர்மானிய இயற்கையியலறிஞர் மார்டென்ஸ் சிறு திருக்கையொன்றைப் பெற்றார். ஒரு முழத்திற்கும் குறைந்த நீளமுடையது. அவ்வினத்தில் அறிவுலகம் கண்ட முதல் மீனும் கடைசி மீனும் அதுவே.

பின்னர் தேடியும் மற்றொன்று அகப்படவில்லை. 2023 டிசெம்பரில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அவ்வினம் அற்றுப்போயிற்று என அறிவித்தது. மனிதர் செயலால் அழிந்ததென அறிவிக்கப்பட்ட முதலாவது கடல்மீன் இதுவாகும். அளவுமீறிய மீன்பிடியும் கரையோர வாழிடங்களின் சிதைவுமே காரணங்கள் எனப்பட்டது.

கொட்டும் முள்ளுடைய திருக்கைகள் குட்டி ஈனுபவை. ஈனும் குட்டிகளோ சில. ஆதலின், பிடிபடும் வேகத்திற்கு ஈடாக அவை பெருகுவதில்லை. எஞ்சிய இனங்களையேனும் காப்பதற்கு, சந்தைக்கு வரும் மீன்களை இனம் பிரித்தறிந்து கணக்கிடுதல் முதற்படியாகும்.