குண்டு பல்பு விழுங்கிய மின்சாரம்

எரியும் குண்டு பல்பைத் தொட்டால் கை சுட்டுவிடும். அந்தச் சூட்டுக்கும் நாம்தான் காசு கொடுத்தோம் என்பதை நினைத்துப் பார்த்ததுண்டா?

1879-இல் அமெரிக்காவில் எடிசன் கரியிழை விளக்கை எரித்துக் காட்டினார். பின்னர் கரியின் இடத்தை டங்ஸ்டன் கம்பி பிடித்தது. ஆனால், இழை பழுக்கக் காய்ந்தால்தான் ஒளி என்ற நிலை மாறவில்லை. செலுத்திய மின்சாரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவே ஒளியாயிற்று. மற்றது வெப்பமாக வீணாயிற்று.

இழையைக் காய்ச்சாமலே ஒளி பெற முடியாதா? குறைகடத்திகள் வழி காட்டின. அவற்றில் எலெக்ட்ரான் ஒரு காலியிடத்தில் விழும்போது ஆற்றல் நேரே ஒளியாகிறது. 1962-இல் ஹோலோன்யாக் இம்முறையில் சிவப்பு ஒளி பெற்றார். இதுவே எல்.இ.டி. ஆனால், வெள்ளொளிக்கு நீலம் தேவைப்பட்டது. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகியோர் கேலியம் நைட்ரைடு படிகத்தோடு பல்லாண்டு போராடினர். 1993-இல் பளிச்சென்ற நீல ஒளி கைகூடியது. அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பொருளைப் பூச, வெள்ளொளி பிறந்தது. 2014-இல் மூவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இனி உங்கள் வீட்டுக் கணக்கு. 60 வாட் குண்டு பல்பு நாளும் 5 மணி நேரம் எரிந்தால், 30 நாளில் 9 யூனிட். ஏறக்குறைய அதே ஒளி தரும் 9 வாட் எல்.இ.டி.க்கு 1.35 யூனிட் போதும். அடுத்த மின்கட்டணம் கட்டுமுன், வீட்டு விளக்குகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்!